மடியில் வைத்த பை

ஒரு பெண்ணின் பையை ஒன்பது நாள் என் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். அவள் நம்பி என்னிடம் கொடுத்த பை அது. வந்து கேட்டபோது, என்னிடம் யாரும் எதையும் தரவில்லை என்று ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு முன்னால் சொன்னேன். அப்போது எனக்கு வயது எழுபத்து மூன்று. இளமையில் செய்திருந்தால் வயதின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அந்த வசதி எனக்கு இல்லை. பாரிஸ் புறநகரில் இருந்துகொண்டு ஊர் திரும்பும் நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கும், ஊரை விட்டு எங்கும் போகாதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள செல்லிப்பட்டில் பிறந்தவன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் எங்கள் வீட்டை இன்றும் ‘சொல்தா வூடு’ என்றுதான் சொல்கிறார்கள். சொல்தா என்றால் சிப்பாய். அவருடைய குடியுரிமை எனக்கும் இருந்ததால் இருபத்து நாலு வயதில் பிரான்ஸுக்குப் போனேன். அங்கே ஒரு நகராட்சி நூலகத்தில் வேலை பார்த்தேன். மனைவி இறந்த பிறகு பிள்ளைகளின் வீடுகளில் விருந்தாளியாக இருக்க மனம் ஒப்பவில்லை. நாற்பத்தெட்டு வருடம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தேன். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து சுண்ணாம்பு அடித்தேன். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார்கள். மற்ற ஆறு நாளும் வீட்டில் கேட்பது குளிர்சாதனப் பெட்டியின் உறுமல்தான்.

திரும்பி வந்த மூன்றாவது வாரம் வில்லியனூர் போவதற்காகக் காலை ஏழு பத்து பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு பெண்கள் எனக்குப் பின்னால் ஏறினார்கள். கூட்டம் அவர்களை உள்ளே தள்ளியது. அதில் ஒருத்தி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தன் முதுகுப் பையைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இளஞ்சிவப்புப் பை. ஜிப்பில் ஒரு பஞ்சுக் கரடி தொங்கியது. நான் பதறிப் போனேன்.

“மன்னிக்கணும், இது என்னுடையது இல்லை” என்றேன்.

“தெரியும் தாத்தா, என்னுதுதான். வெச்சிக்கோங்க.”

பக்கத்தில் இருந்த தோழி சிரித்தாள். “இன்னாடி, தாத்தா பயந்துட்டாரு. குண்டு கிண்டு வெச்சிருக்கியா?”

“குண்டு இல்ல தாத்தா. எலுமிச்ச சாதம்.”

அவள் விளையாட்டாகச் சொன்னது எனக்கு விளையாட்டாகப் படவில்லை. பிரான்ஸில் நான் தினமும் புறநகர் ரயிலில் வேலைக்குப் போய் வந்தேன். அந்த ரயிலில் அவரவர் பை அவரவர் மடியில் இருக்கும். இடிபட நேர்ந்தால் ‘பர்தோன்’ என்று முணுமுணுத்துவிட்டு மறுபக்கம் பார்த்துக்கொள்வோம். சொந்தக்காரர் இல்லாமல் ஒரு பை இருக்கையில் கிடந்தால் ரயிலே நின்றுவிடும். ‘கொலி சுஸ்பே’ என்று ஒலிபெருக்கி அறிவிக்கும். சந்தேகத்துக்குரிய பொதி என்று அர்த்தம். எல்லாரையும் இறக்கிவிடுவார்கள், காவலர்கள் நாய்களோடு வருவார்கள். ஒரு குளிர்காலக் காலையில் ஒன்றரை மணி நேரம் நடைமேடையில் நின்றோம். கடைசியில் அந்தப் பையில் இருந்தது ஒரு குழந்தையின் நீச்சல் உடை. இத்தனை வருடத்தில் மனைவி மக்களைத் தவிர வேறு யாரும் தம் பையை என் கையில் கொடுத்ததில்லை. நானும் யாரிடமும் கொடுத்ததில்லை.

பையைக் கொடுத்தவள் பெயர் நித்யா. செல்லிப்பட்டுக்காரிதான், கீழத்தெரு. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்துவிட்டு, சேதராப்பட்டில் ஒரு மருந்து கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலையில் கான்ட்ராக்டாக இருந்தாள். தோழி ஷர்மிளாவும் அங்கேதான். இரண்டு பேரும் பத்துக்கண்ணில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். நான் வில்லியனூர் வரை போவேன். இந்த விவரங்களை நான் கேட்டு அறியவில்லை. தலைக்கு மேல் அவர்கள் பேசுவது காதில் விழுந்தது. ஒருவரின் பையைத் தினமும் இருபது நிமிடம் மடியில் வைத்திருந்தால் அவர் வாழ்க்கையில் பாதி தானாகத் தெரிந்துவிடுகிறது.

ஏழு பத்து பஸ் ஏழே காலுக்கு வந்தால் அவர்கள் முகம் சரியாக இருக்கும். ஏழு இருபதுக்கு வந்தால் பத்துக்கண்ணில் சேதராப்பட்டு பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான் பார்க்க முடியும். கம்பெனி வாசலில் ஒரு இயந்திரம் முகத்தைப் பார்த்து நேரம் பதிகிறது. மூன்று நாள் தாமதமானால் அரை நாள் சம்பளம் போகும். மழைக்காலத்தில் இந்த பஸ்ஸின் இடதுபக்கம் மூன்றாவது ஜன்னல் மூடாது. அது புதிதாக வருபவர்களுக்குத் தெரியாது, இவர்களுக்குத் தெரியும். ஒரே ஹெட்செட்டை ஆளுக்கு ஒரு காது என்று மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். பஸ் சீக்கிரம் வந்த நாளில் பத்துக்கண்ணு டீக்கடையில் ஒரு போண்டாவை வாங்கிப் பிட்டுத் தின்ன நாலு நிமிடம் கிடைக்கும். முந்தின நாளே “நாளைக்கி போண்டா கெடைக்குமாடி?” என்று பேசிக்கொள்வார்கள். சனிக்கிழமை கனகாம்பரம் வைத்துக்கொண்டு வருவார்கள். உள்ளே போனதும் தொப்பி போடுவதற்காகக் கழற்றிவிட வேண்டிய பூ.

“இன்னாத்துக்குடி அத்த வெச்சிக்கினு வர? எப்டியும் கழட்டிட சொல்லுவான்” என்று ஷர்மிளா கேட்பாள்.

“பஸ்ஸுல வரிக்கும் வெச்சிருக்கலாம் இல்ல?”

எனக்கு வில்லியனூரில் தினமும் ஒரு வேலையும் கிடையாது. ஒரு செய்தித்தாள் வாங்குவேன். அது செல்லிப்பட்டிலேயே கிடைக்கும். உண்மையைச் சொல்வதென்றால், அந்தப் பைக்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன். சாப்பாட்டு டப்பாவின் சூடு பையைத் தாண்டித் தொடையில் இறங்கும். இன்னொரு வீட்டில் விடியற்காலையில் எழுந்து யாரோ சமைத்த சூடு. பத்துக்கண்ணு வந்ததும் “குடுங்க தாத்தா” என்று வாங்கிக்கொள்வாள். அதற்குப் பிறகு வில்லியனூர் வரை மடி குளிர்ந்து கிடக்கும்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு வாரம் முழுக்க ஒரே பேச்சு. சேதராப்பட்டிலேயே வேறொரு பெரிய கம்பெனியில் நித்யாவைத் தேர்வு செய்திருந்தார்கள். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை, பர்மனென்ட். கம்பெனி பஸ் செல்லிப்பட்டுக்கே வரும். வியாழக்கிழமை பதினோரு மணிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

“பத்துக்கண்ணுக்கு ஒரு கும்புடு. இந்த ஓட்ட பஸ்ஸுக்கு ஒரு கும்புடு” என்றாள் புதன்கிழமை.

“எனக்கும் ஒரு கும்புடா?” என்றாள் ஷர்மிளா.

“உனுக்கு போண்டா வாங்கி அனுப்புறேன், அழாத.”

ஆகவே, வியாழக்கிழமை அவள் என் மடியில் வைத்த பையில் என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

அன்று நல்ல மழை. அடுத்த நிறுத்தத்தில் ஜோசப் ஏறினார். பாரிஸில் எனக்குப் பழக்கமானவர், என்னைப் போலவே ஓய்வூதியக்காரர், புதுச்சேரி நகரத்தில் வீடு. உறவினர் வீட்டுக்கு வந்த இடத்தில் கார் பழுதாகிவிட்டதாம். முன்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தவர், “தியென், அந்துவான்!” என்றார். ‘அட, அந்துவான்’ என்று அர்த்தம். அந்தப் பெயரில் இந்த ஊரில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. அவர் கண் என் மடிக்குப் போனது. இளஞ்சிவப்புப் பை, பஞ்சுக் கரடி. இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டு நான். பிரெஞ்சில் சிரித்துக்கொண்டே கேட்டார்: “என்ன இது, போர்த்தேர் வேலை பார்க்கிறாயா?” போர்த்தேர் என்றால் சுமை தூக்குபவன்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பையை இருக்கைக்கு அடியில் தள்ளினேன். அவர் பக்கத்தில் இடம் காலியானதும் எழுந்து போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே உள்ள மழையைப் பற்றியும் இங்கே உள்ள மழையைப் பற்றியும் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தோம்.

பத்துக்கண்ணில் நித்யா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, “குடுங்க தாத்தா” என்று கையை நீட்டினாள். நான் பழைய இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். அடியில் பை இல்லை. ஜோசப் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘அங்கே கீழே வைத்தேன், தேடுவோம்’ என்று சொல்ல ஒரு நொடி போதும். அதற்குப் பதிலாக, “என்னிடம் யாரும் பை தரவில்லையே” என்றேன்.

“இன்னா தாத்தா, வெளையாடாதீங்க. டைம் ஆவுது.”

“எனக்குத் தெரியாதம்மா.”

அவள் குனிந்து அந்த இருக்கைக்கு அடியில் பார்த்தாள். ஈரத்தரையில் ஒன்றுமில்லை. ஷர்மிளா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கண்டக்டர் ஏழுமலை, “ஏம்மா, பிரான்ஸ் பென்ஷன் வாங்குறவரு உன் சோத்துப் பையயா தூக்கிக்கினு போவப் போறாரு? எவன் கிட்ட குடுத்தியோ, யோசன பண்ணு. எறங்கு, எறங்கு” என்றான். யாரோ ஒரு பெண்மணி, வயதானவரைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா என்று நித்யாவைக் கடிந்துகொண்டாள். சேதராப்பட்டு பஸ் புறப்படத் தயாராக ஹாரன் அடித்தது. அவள் அழுதுகொண்டே மழையில் இறங்கினாள். என் மடியில் அந்தப் பையைப் பார்த்திருந்த ஜோசப்பும் பிரெஞ்சில், “இந்தக் காலத்துப் பெண்கள்” என்றார்.

வில்லியனூரில் எல்லாரும் இறங்கிய பிறகு பஸ் முழுக்கத் தேடினேன். வளைவுகளில் சறுக்கிச் சறுக்கி, பின்னால் மூன்று வரிசை தள்ளி, ஸ்டெப்னி டயரில் சாய்ந்து கிடந்தது. எடுத்துத் துடைத்தேன். பின்கதவில் நின்ற ஏழுமலை, “அது உங்க பையா?” என்றான்.

“ஆமாம், என்னுடையதுதான்” என்றேன். பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிறவரை அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

அப்போது மணி எட்டு இருக்கும். ஒரு ஆட்டோ பிடித்தால் சேதராப்பட்டு அரை மணி நேரம். பதினோரு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கலாம். போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் வீட்டுக்கு வந்து மேசை மேல் பையை வைத்து எதிரில் உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோரு மணி தாண்டியதும் ஒருவித நிம்மதி வந்தது, இனி ஓடிப் பயனில்லை என்று. நான் செய்ததில் மிகக் கேவலமானது அந்த நிம்மதிதான்.

மறுநாள் பையிலிருந்து வாடை வந்தது. திறந்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்கள் நனையாமல் இருந்தன. டப்பாவில் எலுமிச்சைச் சாதம் நூல்விட்டிருந்தது. அதைக் கொட்டிவிட்டு, சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, மூடியின் ரப்பர் வளையத்தைக் கூடச் சரியாக மாட்டி வைத்தேன். ஏன் அவ்வளவு கவனமாகச் செய்தேன் என்று தெரியவில்லை. பையை அலமாரியில் பூட்டிவிட்டு, ஒன்பது நாள் வெளியே போகவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தேன்.

பத்தாம் நாள் பிற்பகல், கூட்டமில்லாத பஸ்ஸில் பத்துக்கண்ணு போனேன். டீக்கடைப் பெஞ்சில் பையை வைத்தேன். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியபோது நடந்துவிட்டேன். பிரான்ஸாக இருந்தால் இதே காரியத்துக்கு நாய்கள் வந்திருக்கும். இங்கே அவர் பையைத் திறந்து, ஐடி கார்டைப் பார்த்து, மறுநாள் காலை அவளிடமே கொடுத்துவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் ஏழு பத்து பஸ்ஸில் நான் இருந்தேன். நித்யா நேராக என்னிடம் வந்தாள்.

“தாத்தா, பை கெடச்சிடுச்சி. டீக்கட பெஞ்சில இருந்துச்சாம். அன்னிக்கி கூட்டத்துல வேற யாரு மடியிலயோ வெச்சிட்டு, உங்கள போயி சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க.”

“அந்த வேலை?” என்று கேட்டேன்.

“அது வேற ஆளு போட்டுட்டாங்க தாத்தா. வுடுங்க.” பிறகு தோழியிடம், “டப்பாவ எவனோ பளபளன்னு வெளக்கி வெச்சிருக்கான்டி. எங்க அம்மாவே அப்டி வெளக்காது. திருடன் டப்பா வெளக்குவானா?” என்றாள். சொல்லிக்கொண்டே பையைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

சூடாக இருந்தது. அந்த இருபது நிமிடத்தை எப்படிக் கடந்தேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்து, நடந்ததைச் சாமியாரிடம் சொன்னேன். சாமியார் பொறுமையாகக் கேட்டு, மன்னிப்பு அளித்து, சில ஜெபங்களைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆனால் நான் பொய் சொன்ன இடத்தில் அவர் இருக்கவில்லை. ஜோசப்பைத் தவிர அன்று இருந்தவர்கள் எல்லாரும் திங்கட்கிழமை ஏழு பத்து பஸ்ஸில் இருந்தார்கள். அவள் பை என் மடியில் இருந்தது. அதை அணைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். இறங்கப் போகிறேன் என்று நினைத்து ஏழுமலை விசிலடித்தான். வண்டி வயல்நடுவே நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“இங்க எறங்கி இன்னா பண்ணப் போறீங்க பெரியவரே?”

“இறங்கவில்லை. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.”

“சொல்லுங்க. பஸ்ஸு லேட்டு.”

சொன்னேன். பயத்தில் என் வாயில் மேடைத் தமிழ்தான் வந்தது. பின்னால் ஒரு கிழவி, “இன்னா சொல்றாரு?” என்று கேட்டாள். “அந்தப் பொண்ணு பைய இவருதான் வெச்சிருந்தாராம்” என்று ஒருவர் மொழிபெயர்த்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. ஏழுமலை மட்டும், “உன் பேச்ச கேட்டு நான் அந்தப் பொண்ண திட்டினேனேய்யா” என்றான். அதுவரை அவன் எனக்குக் கொடுத்துவந்த மரியாதை அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கிவிட்டது.

நித்யா கேட்டது வேறு.

“டப்பாவ வெளக்குனது நீங்களா?”

“ஆமாம்மா.”

அவள் என் கையில் இருந்த பையைப் பார்த்தாள். பிறகு, “பதினோரு மணி வரிக்கும் கம்பெனி கேட்டுலயே நின்னேன் தாத்தா. யாராச்சும் எடுத்துக்கினு வந்து குடுப்பாங்கன்னு” என்றாள். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். வண்டி புறப்பட்டது.

மறுநாள் நானே இரண்டு பஸ் மாறிச் சேதராப்பட்டுக்குப் போனேன். அவள் தினமும் போகும் வழி. இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடமே கிடையாது என்பது அன்றுதான் தெரிந்தது. தவறு என்னுடையது, அந்தப் பெண்ணுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அந்தப் பெரிய கம்பெனியின் வாசலில் காவலுக்கு நின்றவன் ஒடிசாக்கார இளைஞன். என் தமிழும் அவன் இந்தியும் ஒன்றையொன்று தொடவில்லை. நானே வேலை கேட்டு வந்திருப்பதாக நினைத்து, என் நரைத்த தலையைப் பார்த்துப் பரிதாபமாகக் கையை ஆட்டினான். “எந்த ஊரு நீ?” என்று தெரிந்த தமிழில் கேட்டான். ஐந்து மைல் தள்ளிப் பிறந்தவன் நான். செல்லிப்பட்டு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கடைசியில் ஒரு அதிகாரி வெளியே வந்து கடிதத்தைப் படித்துவிட்டு, அந்த இடம் நிரம்பிவிட்டது, அடுத்த முறை ஆள் எடுக்கும்போது விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நித்யாவிடம் அதைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

அதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. அவள் இன்னும் மாத்திரை அடுக்குகிறாள், இன்னும் பத்துக்கண்ணில் ஓடுகிறாள். நானும் அதே பஸ்ஸில்தான் போகிறேன். வேறு பஸ்ஸில் போனால் மறுபடியும் தப்பித்துக்கொண்டதாக ஆகும். அவள் தன் பையைப் பூக்காரம்மாவிடம் கொடுப்பாள், பள்ளிக்கூட டீச்சரிடம் கொடுப்பாள். அவள் மட்டுமில்லை, அந்த பஸ்ஸில் யாருமே என் மடியில் எதையும் வைப்பதில்லை. எல்லார் மடியிலும் இரண்டு மூன்று பைகள் இருக்கும். நான் வெறும் மடியோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவேன், புறநகர் ரயிலில் போனது போலவே.

போன வாரம் பிரான்ஸிலிருந்து ஓய்வூதியத்துக்காக வருடாவருடம் வரும் காகிதம் வந்தது. ‘செர்திஃபிக்கா த வீ’ என்பார்கள். நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று இங்கே ஓர் அதிகாரி முத்திரை வைத்துத் தர வேண்டும், அதை அங்கே அனுப்ப வேண்டும். அந்தக் காகிதத்தையும் பாஸ்போர்ட்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். அன்று எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு கையில் பை, ஒரு கையில் கம்பி. பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது பக்கத்து ஆள் மேல் சாய்ந்தேன். எனக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவள் நித்யா. அதிசயமாக அன்று அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு காதில் பாட்டு. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை மட்டும் மேலே வந்தது.

“குடுங்க.”

கொடுக்கத் தயங்கினேன். அவள் விரல்களை ஒருமுறை அசைத்தாள், சீக்கிரம் என்பது போல. கொடுத்தேன். தன் பையின் மேல் அதை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்துக்கண்ணு வந்ததும் எழுந்தாள். என் பையை என்னிடம் நீட்டுவாள் என்று கையைக் கொண்டுபோனேன். அதற்குள் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்ணிடம் அதைக் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் நுழைந்து இறங்கி, சேதராப்பட்டு பஸ்ஸை நோக்கி ஓடினாள். அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். ஏறிய கூட்டம் என்னை இரண்டு வரிசை பின்னால் தள்ளியது.

அந்தப் பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அது யாருடைய பை என்று அவள் கேட்கவும் இல்லை. வில்லியனூர் வரைக்கும், நான் உயிரோடு இருப்பதைச் சொல்லும் காகிதம் எனக்குத் தெரியாத ஒருத்தியின் மடியில் வந்தது. நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.